வெறும் வண்டி

“புகையை எப்படிக்கா எடை போடுவீங்க?”

கல்யாணம் பேசி முடித்த பிறகு மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, சின்னவளை விட்டுவிட்டு மூத்தவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

மூத்தவளுக்கு அதிசயமாக இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், ஏதோ கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலை என்று அம்மா முடித்துக்கொள்வாள். தங்கை வைத்திருந்த பெயர் ‘புகை ஆபீஸ்’.

அன்றைக்கு அவள் வாய் திறந்து பேசினாள். புகையை எடை போட முடியாது, வண்டி குடித்த டீசலைத்தான் அளக்க முடியும். இவ்வளவு டீசல் எரிந்தால் இவ்வளவு புகை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் புகையை வண்டியில் ஏறிய சாமான்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டும். செருப்புக்கு இவ்வளவு, நாற்காலிக்கு இவ்வளவு, சோப்புக் கட்டிக்கு இவ்வளவு. எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளை லாரிக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, சிக்னலில் நின்று சும்மா உறுமிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் புகையை யார் தலையில் கட்டுவீர்கள் என்று கேட்டார். ஆபீஸில் அவளோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களே கேட்காத கேள்வி.

அன்றிலிருந்து அவர்மேல் அவளுக்கு ஒரு தனி மரியாதை. அந்த மரியாதைதான் இன்றைக்கு அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

*

போன வாரம் மேம்பாலத்துப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றவள், மனசளவில் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

கீழே சிக்னலில் மாப்பிள்ளையின் லாரி நின்றது. மெத்தை கம்பெனி கொடுத்த நீலத் தார்ப்பாய். அதில் மேகத்தின்மேல் குப்புறப் படுத்துத் தூங்கும் ஒரு குழந்தை. பாயைப் பாதிக்குமேல் சுருட்டிக் கட்டியிருந்ததால், மேலிருந்து பார்க்க வண்டியின் வயிறு முழுசாகத் தெரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும் காற்றில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு லாரி காலியாகத் திரும்பி வந்ததற்கா இந்தப் பாடு என்று கேட்கலாம். சொல்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டோடு மாப்பிள்ளை. ஆம்பிளை இல்லாத வீடு, நீங்களும் இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அம்மாதான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அப்படி இருக்கிறவனைப் பற்றி உலகம் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். காதில் விழாமலும் இருக்காது. அதனாலோ என்னவோ, சாப்பிட உட்கார்ந்தால் மாப்பிள்ளை தன் வண்டியைப் பற்றித்தான் பேசுவார். தன் வண்டி வெறும் வண்டியாகத் திரும்பியதே கிடையாது என்பார். போகும்போது மெத்தை, வரும்போது கண்ணாடி பாட்டில். பாட்டில் இல்லாத அன்றைக்கு இரும்புக் குழாய். அதுவும் இல்லாவிட்டால் பழைய பேப்பர் கட்டு. அம்மாவுக்கு இதைக் கேட்கக் கேட்க முகம் பூரிக்கும். அடுத்த நாளே தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

இந்த நிலைமையில்தான், அவள் மேம்பாலத்தில் நின்றதற்கு வெகு நாள் முன்பு, மெத்தை கம்பெனியின் வேலை மூத்தவளின் மேஜைக்கு வந்தது. ஒரு மெத்தை கம்பெனியிலிருந்து கிளம்பிக் கடைக்குப் போய்ச் சேர எவ்வளவு புகை? வெளியூர்க் கடைகளுக்குப் போகும் மெத்தை எல்லாம் மாப்பிள்ளையின் லாரியில்தான் போனது. போகிற டீசல், தூரம், ஒரு நடைக்கு எத்தனை மெத்தை, எல்லாம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு கட்டம் பாக்கி. திரும்பி வரும்போது வண்டியில் சரக்கு உண்டா, இல்லையா?

உண்டு என்றால் திரும்பி வருகிற புகை அந்தச் சரக்கின் தலையில் விழும். இல்லை என்றால் அதுவும் மெத்தையின் தலையில். சிமெண்ட், இரும்பு என்றால் வெறும் வண்டி குறைவாகத்தான் குடிக்கும். மெத்தை அப்படியில்லை. உப்பிய காற்று. ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் லாரி ஏறக்குறைய ஒரே அளவு டீசலைத்தான் குடிக்கிறது. ஆக, அந்த ஒரு கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினால் மெத்தையின் பங்கு ஒரேயடியாக இரண்டு மடங்காகிவிடும்.

வேறு லாரிக்காரராக இருந்தால் சரக்கு ஏற்றிய சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டிருப்பாள். அதுதான் முறை. மாப்பிள்ளையிடம் போய்ச் சீட்டு கேட்பதா? சாப்பாட்டு மேஜையில் அத்தனை தடவை சொன்ன மனுஷரிடம், உங்கள் பேச்சை நான் நம்பவில்லை என்று சொல்வதா? ‘உண்டு’ என்று எழுதினாள். ஆதாரம் என்ற இடத்தில், ‘லாரிக்காரர் நேரில் சொன்னது’ என்று போட்டாள்.

அந்தக் கணக்கைக் காட்டித்தான் மெத்தை கம்பெனி தன் மெத்தை உறையில் ஒரு பச்சை இலை அச்சடித்திருந்தது. இலைக்குக் கீழே, ‘குறைந்த புகையில் உங்கள் வீடு வந்த மெத்தை’ என்று ஒரு வரி. இன்றைக்கு வெளியிலிருந்து தணிக்கைக்கார அம்மா வருகிறார். கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இலை நிலைத்துவிடும்.

*

காலையில் மாப்பிள்ளை கிளம்புவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று மூத்தவள் குளிக்காமல் காத்திருந்தாள்.

அவர் வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் அவருடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நின்றாள். மூத்தவள் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். தொண்டையைச் செருமினாள்.

“நேத்து வர்றப்போ என்ன சரக்கு, மாப்பிள்ளை?”

அவர் தலையை நிமிர்த்தினார். வாயைத் திறந்தாரா என்றுகூடத் தெரியவில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

“பாட்டில்தான். பாட்டில் கம்பெனியில இவரை விட்டா வேற யார்கிட்டயும் குடுக்கறதில்லையாமே.”

மாப்பிள்ளை மறுபடி குனிந்து நாடாவைக் கட்டினார். ஏற்கெனவே கட்டிய நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதுபோல இருந்தது. மூத்தவள் நின்று பார்த்தாள். இன்னொரு தடவை கேட்கலாம். அம்மா இங்கே வா, நீ பேசாமல் இரு, அவரைச் சொல்லவிடு என்று சொல்லலாம். ஆனால் குளிக்கப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஒரு கேள்வி கேட்பதற்கு இந்தப் பாடா?

வெளியே வந்தபோது லாரி போயிருந்தது. சின்னவள் மட்டும் வாசலில் நின்றபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

*

ஆபீஸில் அவளுடைய மேலாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘ஆகட்டும் சார்’. மின்விசிறி ஓடவில்லை என்றாலும் ஆகட்டும், எனக்குக் கல்யாணம் என்றாலும் ஆகட்டும். அவரிடம் போய், மெத்தைக் கணக்கில் ஒரு கட்டம் தப்பாக இருக்கலாம் என்று சொன்னாள். எந்தக் கட்டம் என்று கேட்டவர், சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் பேசியதன் சாரம் இதுதான். தலைப்பிலேயே மதிப்பீடு என்று போட்டிருக்கிறது. மதிப்பீடு என்றால் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். உறை அச்சாகிக் கடைக்குப் போய்விட்டது. இப்போது புகை இரண்டு மடங்கு என்றால் கம்பெனி என்ன செய்யும்? புகை கூடுதலான லாரியை மாற்றுவோம் என்று அவர்களே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். மாற்றிவிடுவார்கள்.

“அந்த லாரிக்காரன் யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. உனக்குத் தெரியும்.”

அவருக்குத் தெரியும் என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. மூத்தவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

சரி, பொய்யை நிஜமாக்கிவிட்டால்? மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே திரும்பி வர ஒரு சரக்கு பிடித்துக் கொடுத்துவிட்டால், கணக்கு இனிமேலாவது சரியாகிவிடும் அல்லவா? இந்த யோசனை வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. போனை எடுத்தாள்.

பாட்டில் கம்பெனியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் வேறொருவரிடம் கொடுத்தார், மூன்றாமவர் சாப்பிடப் போயிருந்தார். திரும்ப அடித்தபோது, மெத்தை ஏற்றுகிற லாரியில் பாட்டிலைக் கட்டிவைக்கக் கொக்கி இருக்காது, உடைந்தால் யார் பொறுப்பு என்றார்கள். குழாய்க் கடையில், லாரியின் நீளம் போதாது என்றார்கள். பேப்பர்க் கிடங்கில் மட்டும் ஒருவர் நின்று பேசினார். அனுப்புங்கள், ஏற்றிவிடுகிறோம், ஆனால் மெத்தை கம்பெனியில் சரி என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

அவ்வளவுதானே என்று மெத்தை கம்பெனியில் சரக்கு அனுப்புகிறவரைப் பிடித்தாள். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“என்னம்மா நீங்க. எங்க மெத்தை வெள்ளை. பேப்பர், பாட்டில்னு கண்டதையும் ஏத்தினா அழுக்கு ஒட்டிக்கும். வேற எதையும் ஏத்தக் கூடாதுங்கறது எங்க கண்டிஷன். எங்க வண்டி எப்பவும் வெறுமையாத்தான் திரும்பி வரணும்.”

மூத்தவள் தன் கணக்கை எடுத்துப் பார்த்தாள்.

“திரும்பறப்போ சரக்கு உண்டுன்னு நான் எழுதி அனுப்பினேனே. நீங்க பார்க்கலையா?”

“பார்த்தோமே. கணக்கு நல்லா வந்திருக்குன்னு நினைச்சோம்.”

போனை வைத்தபிறகும் அவளுக்குக் காது சூடாக இருந்தது. இத்தனை நாளும் மாப்பிள்ளை ஒருவர் மட்டும் பொய் சொன்னார் என்று குமைந்துகொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியில் கணக்கைப் பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. வண்டி வெறுமையாக வர வேண்டும் என்று சட்டம் போட்டவர்களே, நிறைந்து வருகிறது என்ற கணக்கை வாங்கி இலை அச்சடித்திருக்கிறார்கள். தெரியாதவள் ஒருத்திதான். கணக்குப் போட்டவள்.

*

சாப்பிட உட்கார்ந்தபோது தங்கையிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, இன்னிக்கு அங்க என்ன கிளறிட்டு இருக்கே? காலையில உன் மூஞ்சியே சரியில்ல.”

மூத்தவள் சுற்றி வளைக்கவில்லை. “வண்டி வெறுமையா வருதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“கல்யாணமான புதுசுலேர்ந்து. நானே அதுல ஏறி வந்திருக்கேன். பின்னாடி காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வந்தேன், அவ்வளவு இடம்.”

“என்கிட்ட ஏண்டி சொல்லல?”

“நீ அதை எழுதுவேன்னு நான் கனவா கண்டேன்? சாப்பிடறப்போ ஒரு மனுஷன் மாமியார்கிட்ட பெருமைக்குச் சொல்றதை எவளாவது கொண்டுபோய் ஆபீஸ் கணக்குல ஏத்துவாளா?”

மூத்தவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். தங்கையின் குரல் இறங்கியது. இன்றைக்குத் தணிக்கை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது; போன வாரம் மூத்தவளே உளறியிருந்தாள். தணிக்கைக்கார அம்மா அந்த ஒரு கட்டத்தை மட்டுமா பார்க்கப் போகிறார், பேசாமல் விட்டுவிடு என்றாள். அந்தக் கம்பெனி வேலை போனால் லாரிக்கு வேறு ஓட்டமே இல்லை என்றாள். அதெல்லாம் மூத்தவளுக்குத் தெரிந்ததுதான். கடைசியில் சொன்னதுதான் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

“நம்ம வீட்டுல அவருக்குன்னு இருக்கறது அந்த ஒரு பேச்சுதான் அக்கா. நாற்காலி நம்மளுது, தட்டு நம்மளுது, படுக்கற தலையணை நம்மளுது. அதையும் பிடுங்கிடாதே.”

*

தணிக்கைக்கார அம்மா குட்டையாக, தூக்கம் கெட்ட கண்களோடு இருந்தார். ஆகட்டும் சார் டீ வரவழைத்தார், மழை வருமா வராதா என்று பேசினார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். அந்த அம்மா ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். டீசலில் விரல் நிற்கவில்லை. தூரத்தில் நிற்கவில்லை. மெத்தை எண்ணிக்கையைத் தாண்டியது. அந்தக் கட்டத்துக்கு வந்தது. அதையும் தாண்டிவிட்டது.

தாண்டியேவிட்டது. மூத்தவள் மேஜைக்கு அடியில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். விரல் அடுத்த பக்கத்துக்குப் போனது. ஆகட்டும் சார் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். தங்கை சொன்னதுதான் நடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லோரும் அதைத்தானே செய்திருக்கிறார்கள்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடையில் எவளோ ஒருத்தி அந்த இலையைப் பார்த்துவிட்டு, நல்லது செய்கிறோம் என்று நினைத்து அந்த மெத்தையைத் தேர்ந்தெடுப்பாள். அவள் இவளுடைய எழுத்தைத்தான் நம்புகிறாள். மாப்பிள்ளையின் பெருமையை அல்ல, கம்பெனியின் சிரிப்பை அல்ல.

“போன பக்கத்துல ஒரு கட்டம் தப்பு,” என்றாள் மூத்தவள்.

அந்த அம்மாவின் விரல் திரும்பி வந்தது. ஆதாரம் என்ற இடத்தைப் படித்தார்.

“நேர்ல சொன்னார்னா, எங்க வச்சு?”

“வீட்டுல.”

“யார் வீட்டுல?”

“எங்க வீட்டுல. சாப்பிடறப்போ. அவர் என் தங்கை வீட்டுக்காரர்.”

ஆகட்டும் சார் மழையைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை பெய்யவில்லை. தணிக்கைக்கார அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, நீங்கள் இந்தக் கணக்கையே தொட்டிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு புதுக் கணக்கைப் போடச் சொல்லி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மூத்தவள் போட்டாள். மெத்தையின் பங்கு இரண்டு மடங்கை நெருங்கியது. அதோடு விடாமல், வண்டி வெறுமையாகத் திரும்புவதற்குக் காரணம் கம்பெனியின் கண்டிஷன்தான், அதைத் தளர்த்தினால் புகை பாதியாகும், லாரிக்காரரின் குற்றம் இதில் எதுவும் இல்லை என்று கீழே விளக்கமாக எழுதினாள். பேப்பர்க் கிடங்கு சரக்கு கொடுக்கத் தயாராக இருப்பதையும் சேர்த்தாள். எழுதி முடித்தபோது, அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்றுகூட அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது.

தணிக்கைக்கார அம்மா கையெழுத்துப் போடாமல் கிளம்பினார். ஆகட்டும் சார் தன் அறைக்குப் போனார். மெத்தை கம்பெனிக்கு அவரே போன் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு செய்தார்.

*

பொழுது சாய அவள் வீட்டுக்கு வந்தபோது லாரி வாசலுக்கு எதிரே நின்றது. வழக்கமாக இந்த நேரத்தில் அது அடுத்த நாள் சரக்குக்காகக் கம்பெனி வாசலில் நிற்கும்.

உள்ளே மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். சின்னவள் சுவரோரம் நின்றாள். அக்காவைப் பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாரே, பாட்டிலை வழியிலேயே இறக்கிவிட்டாரா என்று மூத்தவளிடமே கேட்டாள்.

மாப்பிள்ளை கையில் எடுத்ததைத் தட்டிலேயே வைத்தார்.

“பாட்டிலே இல்ல, அத்தை.”

“அப்போ குழாயா?”

“குழாயும் இல்ல. எப்பவுமே வெறும் வண்டிதான். அவங்க வேற எதையும் ஏத்த விடமாட்டாங்க.”

அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியே பக்கத்து வீட்டைத்தான் பார்த்தாள். அங்கே என்னென்ன சொல்லிவைத்திருக்கிறாளோ, அத்தனையும் முகத்தில் ஓடியது.

மூத்தவள் பையைக்கூட இறக்கிவைக்காமல் அவர் எதிரே உட்கார்ந்தாள். கணக்கை மாற்றியது நான்தான் என்றாள். தெரியும் என்றார் அவர். கம்பெனியில் சரக்கு அனுப்புகிறவர் அப்போதே அவருக்குப் போன் பண்ணிவிட்டார்.

“உங்க மேல தப்பு இல்லன்னு எழுதியிருக்கேன், மாப்பிள்ளை. கண்டிஷனை மாத்துங்கன்னு எழுதியிருக்கேன்.”

“அவங்க கண்டிஷனை மாத்தலக்கா. என்னை மாத்திட்டாங்க.”

வேறொரு லாரிக் கம்பெனி நீண்ட நாளாகக் காத்துக்கொண்டிருந்ததாம். திரும்பி வரும்போது சரக்கு ஏற்றி வருவோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்களாம். நாளையிலிருந்து அவர்கள் வண்டி. உறையில் இலை அப்படியே இருக்கும்.

மூத்தவள் பையைத் தரையில் வைத்தாள். “அவங்களையும் எதையும் ஏத்த விடமாட்டாங்களே.”

“அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அந்தக் கடுதாசிக்குத் தெரியாதே.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது மூத்தவளுக்கு. நாளைக்கு அந்தக் கடுதாசியை எதிர்த்து எழுதுகிறேன், தணிக்கைக்கார அம்மாவிடம் சொல்கிறேன், விடமாட்டேன் என்று அவள் படபடவென்று பேசிக்கொண்டே போனாள். அவர் முடியும்வரை கேட்டார்.

“நீங்க முன்னாடியே கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.”

“உங்ககிட்ட போய் எப்படிக் கேக்கறதுன்னுதான்…”

“மாப்பிள்ளைகிட்ட கேக்க முடியாது. சரி. வேற எந்த லாரிக்காரனா இருந்தாலும் சீட்டு கேட்டிருப்பீங்கல்ல? என்னை அந்த லாரிக்காரங்கள்ல ஒருத்தனாவாவது நினைச்சிருக்கலாம்.”

சுவரோரம் நின்ற சின்னவள் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா மெதுவாக, எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், தட்டில் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்றாள். முதல் தடவையாக ‘மாப்பிள்ளை’ என்று முடிக்கவில்லை. அது அவர் காதில் விழுந்தது. மூத்தவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் எழுந்து கை கழுவினார். தார்ப்பாயைக் காலையில் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், கழற்றிவிட்டு வருகிறேன் என்று சின்னவளிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கயிறு அவிழும் சத்தம் உள்ளே கேட்டது. ஒரு பக்கம் அவிழ்ந்தது, மறுபக்கம் அவிழ்ந்தது. பிறகு பாய் பொத்தென்று தெருவில் விழுந்தது. அதை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. சின்னவள் அசையவில்லை. மூத்தவள்தான் எழுந்து போனாள்.

தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. மேகத்தின்மேல் தூங்கும் குழந்தை தெரு அகலத்துக்கு விரிந்து கிடந்தது. அவர் ஒரு முனையில் நின்றார். அவள் மறுமுனையைத் தூக்கினாள். வாங்க என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் உதறினார்கள், தூசி எழுந்தது. நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அதற்கப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டியிருந்தது. அவள் கொண்டுவந்த மூலைகளை அவர் வாங்கிக்கொண்டார். அவள் குனிந்து கீழே தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள், மறுபடி முன்னால் வந்தாள்.

ஒவ்வொரு தடவை எதிரெதிரே வந்தபோதும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள். மன்னிச்சுடுங்க என்றால் செய்தது தப்பு என்று ஆகிவிடும். செய்தது தப்பில்லை. தப்பில்லாததுக்கு இவ்வளவு வலிக்குமா? அவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நிமிர்ந்தாள். அவர் மடிப்பின் விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோணாமல் இருக்கிறதா என்று.

கடைசி மடிப்பில் குழந்தையின் முகமும் உள்ளே போய்விட்டது. அவர் அந்தக் கட்டைத் தூக்கி அவள் இரண்டு கைகளிலும் வைத்தார். எதற்கு என்னிடம், நாளைக்கு நீங்கள்தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள் லாரியில் ஏறிவிட்டார். சின்னவள் வாசலுக்கு ஓடிவந்தாள். வண்டி உறுமியது.

தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் அவர் தினமும் ராத்திரி லாரியை நிறுத்துகிற இடம். லாரி இடப்பக்கம், ஊரைவிட்டு வெளியே போகும் சாலையில் திரும்பிப் போனது.